பெயரைத் தேடும் ஒற்றன்



ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் நான் பணியாற்றிய காலமெல்லாம் ஒரு வேலையைத் தவறாது செய்துவந்தேன். வருகைப்பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைப்பதே அவ்வேலை. ஒரு பெயரை அழைத்தால் ஒரு குரல் வரும். சில வகுப்புகளில் ஒரே பெயருக்கு மூன்று குரல்கள் எழும். அப்போது தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைப்பேன். தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்துவிட்டால் ஊரைக் கேட்பேன். பெயர் ஒன்று, ஆள் வேறு என்னும் உண்மை ஆசிரியர்க்குப் புதிதன்று. ஆயினும் அவ்வுண்மையை நானே ஒருநாள் மறந்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருளை விளக்கிவிடுகிறேன்.

சமூக வலைத்தளங்களில் சேருகின்ற ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும். இதனைப் பயனர்பெயர் என்கிறோம். பெற்றோர் இட்ட பெயர் உலகில் ஆயிரவர்க்கு இருக்கலாம். ஆனால் ஒரு தளத்திற்குள் ஒரு பயனர்பெயர் ஒருவர்க்கே உரியது. ஒவ்வொரு தளமும் தனக்கென விதி வகுத்திருக்கிறது. எக்ஸ் தளத்தில் 15 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது; இன்ஸ்டாகிராமில் 30 வரை செல்லலாம்; நிரலாளர் கூடும் கிட்ஹப் தளத்தில் 39 வரை இடமுண்டு. ஒரு தளத்தில் புள்ளி வைக்கலாம், மற்றொன்றில் வைக்கலாகாது. ஒரு தளத்தில் அடிக்கோடு ஏற்கப்படும். மற்றொன்றில் இடைக்கோடு மட்டுமே செல்லும்.

மனித இயல்பு ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். நாம் ஒருமுறை ஒரு பெயரைத் தெரிந்துகொண்டால், செல்லுமிடமெல்லாம் அதனையே பயன்படுத்த விரும்புகிறோம். நினைவில் வைப்பது எளிது. நண்பர்கள் கண்டுகொள்வதும் எளிது. இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டு ஒரு கருவி எழுந்தது. அதன் பெயர் ஷெர்லாக். ஆர்தர் கானன் டாயில் 1887ஆம் ஆண்டில் படைத்து உலவவிட்ட துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் கிட்ஹப் தளத்தில் ஒருவர் இதனைத் தொடங்கினார். பின்னர்ப் பல நாட்டு நிரலாளர் கூடி வளர்த்தனர். பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால் எவரும் இதனைக் காசின்றிப் பெறலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

இது கட்டளைவரிக் கருவி. அஃதாவது, படங்களும் பொத்தான்களும் இதற்கு இல்லை. கணினியில் எழுத்து மட்டுமே தோன்றும் சாளரத்தைத் திறந்து, ஷெர்லாக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தேடவேண்டிய பயனர்பெயரைத் தட்டவேண்டும். அவ்வளவே. பெயர்கள் பலவற்றையும் ஒருங்கே கொடுக்கலாம். புள்ளியா, அடிக்கோடா, இடைக்கோடா என ஐயம் இருந்தால், அவ்விடத்தில் ஒரு குறியை இட்டுவிட்டால் மூன்றையும் மாற்றி மாற்றித் தானே தேடும். சிறிது நேரத்தில் திரையில் வரிவரியாகத் தளங்களின் பெயரும் முகவரியும் இறங்கத் தொடங்கும். அவற்றையெல்லாம் ஓர் எழுத்துக்கோப்பில் சேமிக்கவும் இயலும். நானூற்றுக்கு மேற்பட்ட தளங்களை இவ்வாறு ஒரு மூச்சில் சுற்றி வருகிறது இக்கருவி.

இஃது என்ன மாயம் என்று நீங்கள் வியக்கலாம். மாயம் ஒன்றுமில்லை. இக்கருவி எவருடைய பூட்டையும் உடைப்பதில்லை, கடவுச்சொல்லைத் திருடுவதில்லை, மறைத்து வைத்த படங்களைப் பார்ப்பதுமில்லை. ஒரு தபால்காரர் நானூறு வீட்டு வாயிலில் நின்று, "இன்னார் இவ்வீட்டில் இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்புவதை எண்ணிக்கொள்ளுங்கள். இது செய்வதும் அதுவே. பெரும்பாலான தளங்களில் ஒருவருடைய பக்கத்தின் முகவரி, தளத்தின் பெயரும் அவருடைய பயனர்பெயரும் சேர்ந்து அமைவது. எனவே பயனர்பெயர் தெரிந்தால் முகவரியை நாமே கட்டிவிடலாம். தளந்தோறும் முகவரி எவ்வாறு அமையும் என்ற பட்டியல் ஒன்று கருவியிடம் உண்டு. அப்பட்டியலில் பயனர்பெயர் வரவேண்டிய இடத்தில் நாம் கொடுத்த பெயரைப் பொருத்தி, வேண்டுகோள்களை அனுப்புகிறது. ஒன்று முடிந்தபின் ஒன்று என்று காத்திராமல், ஒரே சமயத்தில் இருபது வேண்டுகோள்வரை அனுப்பும். விடைக்காக ஒரு தளத்திடம் 60 நொடிவரை பொறுத்திருக்கும், அதற்குமேல் காத்திராது. தளத்தின் விதிக்குப் பொருந்தாத பெயராயின் அவ்வாயிலுக்குச் செல்லாமலே விட்டுவிடும்.

இனி, வருகின்ற விடையை அது எவ்வாறு புரிந்துகொள்கிறது? இதுவே இன்றைய பேச்சின் உயிர்ப்பகுதி; சற்றுக் கூர்ந்து கேளுங்கள். மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி எண். இணையத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், பக்கத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணும் வருகிறது. 200 என்றால் கேட்டது கிடைத்தது என்பது பொருள். 404 என்றால் அப்படி ஒன்று இல்லை என்பது பொருள். எண்ணைப் பார்த்தே உண்டு, இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

இரண்டாம் வழி சொல். சில தளங்கள் ஆள் இல்லாவிடினும் 200 என்றே எண்ணை அனுப்பிவிட்டு, பக்கத்தின் நடுவே "இப்பெயருடையார் எவருமிலர்" என்ற கருத்தில் ஒரு வாக்கியத்தை எழுதிவைக்கும். அத்தகைய தளங்களில் கருவி அவ்வாக்கியத்தைத் தேடுகிறது. இருந்தால் ஆள் இல்லை. இராவிட்டால் ஆள் உண்டு.

மூன்றாம் வழி திருப்பிவிடல். ஆள் இல்லாதபோது சில தளங்கள் நம்மை முகப்புப் பக்கத்திற்கோ வேறொரு பக்கத்திற்கோ அனுப்பிவிடும். அவ்வாறு திருப்பினால் ஆள் இல்லை என்று கருவி கொள்கிறது.

மூன்று வழிகளையும் எண்ணிப் பார்த்தால் நுண்ணிய ஒரு குறை புலப்படும். இரண்டாம் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்னும் வாக்கியம் காணப்படாவிட்டால் "உண்டு" என்று கருவி முடிவு செய்கிறது. ஆனால் அவ்வாக்கியம் காணப்படாமைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் அன்றோ? தளத்தை நடத்துவோர் வாக்கியத்தின் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். "நீர் மனிதர்தாமா? மெய்ப்பிக்க" என்று கேட்கும் காவற்பக்கம் குறுக்கே வந்திருக்கலாம். "முதலில் உள்நுழைக" என்ற பக்கம் வந்திருக்கலாம். வாயிற்காவலன் வாய் திறவாமல் நின்றதை, ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்குச் சான்றாகக் கொள்வது போன்றது இது. காவற்பக்கங்கள் சிலவற்றை அடையாளம் காணும் ஏற்பாடு பின்னர்க் கருவியில் சேர்க்கப்பட்டது. எனினும் குறை முழுதும் நீங்கிவிடவில்லை. அன்றியும், தளங்கள் தோன்றும், மறையும். 2014ஆம் ஆண்டில் ஆர்குட் மூடப்பட்டது; 2019ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் மூடப்பட்டது. இன்று சரியாக இருக்கும் பட்டியல் அடுத்த ஆண்டு சரியாக இராது. ஆர்வலர்கள் அதனை ஓயாது திருத்திவருகிறார்கள்.

இரண்டாவது குறை கருவியுடையதன்று, நம்முடையது. கருவி கேட்கும் கேள்வி, "இப்பெயரில் இத்தளத்தில் ஒரு கணக்கு உண்டா?" என்பது. நாம் கேட்டுக்கொள்ளும் விடையோ, "இந்த மனிதர் இத்தளத்தில் இருக்கிறார்" என்பது. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது. தமிழ் இலக்கிய வரலாறு படித்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சங்க காலத்து ஔவையார் வேறு, ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையார் வேறு. பெயர் ஒன்றாயிருந்தமையால் இருவரையும் ஒருவராகவே கருதிப் பல கதைகள் எழுந்தன. பாடல்களின் சொல்லையும் நடையையும், பாடப்பட்ட மன்னர்களையும் ஆராய்ந்த பின்னரே அறிஞர்கள் அவர்களைப் பிரித்துக் காட்டினார்கள். நம் மூதாட்டிக்கு நேர்ந்தது இன்றைய மாணவன் ஒருவனுக்கு நேராதா?

நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒழுக்கக் குறைபாடு பற்றிய விசாரணையில் வெளியார் ஒருவர் அமரவேண்டும் என்று கேட்டார்கள், சென்றேன். கணக்கு ஆசிரியை ஒருவரை இழித்து இணையத்தில் சில வாக்கியங்கள் வந்திருந்தன. எழுதிய கணக்கின் பயனர்பெயரும், 11ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் வைத்திருந்த பயனர்பெயரும் ஒன்றே. அவனுடைய குலதெய்வத்தின் பெயரும், கால்பந்து ஆடும்போது அவன் அணியும் உடையின் எண்ணும் சேர்ந்தது அப்பெயர். கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் நான் மேலே சொன்ன கருவியை இயக்கி, 23 தளங்களின் பெயர் அடங்கிய பட்டியலைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்தார். அவற்றுள் சூதாட்டத் தளம் ஒன்றும் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் எழுதி முடிந்திருந்தது. கையொப்பம் ஒன்றே எஞ்சியிருந்தது. பையனின் தந்தை செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, சுவரோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பையன் சொன்னது ஒரே வாக்கியம்: "மூன்றுதான் ஐயா என்னுடையவை."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்படியானால் மற்ற இருபதும் யாருடையவை?" என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் பட்டியலைக் கொண்டுவந்தவர்களே அன்றி அவன் அல்லன். அச்சிட்ட தாளைக் கண்டதும் என் அறிவு மங்கிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

நல்லவேளையாக, நான் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன். உப்புப் பகுப்பாய்வில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்து வெண்மை தோன்றினால் குளோரைடு உண்டு என்போம். ஆனால் குழாய்நீரைக் கொண்டு சோதித்தால் உப்பே போடாவிட்டாலும் வெண்மை தோன்றும். ஏனெனில் நீரிலேயே குளோரைடு கலந்திருக்கும். அதனால்தான் வாலைவடிநீரைப் பயன்படுத்தச் சொல்கிறோம். பொருளே இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனையும் செய்து பார்க்கச் சொல்கிறோம். அது நினைவுக்கு வந்தது. அந்த ஆசிரியரை நோக்கி, "தம்பி, உலகில் எவரும் வைத்திருக்க இயலாத ஒரு பெயரைக் கொடுத்துத் தேடுங்கள், பார்ப்போம்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பதினான்கு எழுத்துகளைத் தாறுமாறாகத் தட்டினார். கருவி சுற்றிவந்தது. பிறவாத அந்த மனிதர் ஆறு தளங்களில் இருப்பதாகச் சொல்லிற்று! அந்த ஆறும் பையனுடைய பட்டியலில் இருந்தன. சூதாட்டத் தளமும் அவற்றுள் ஒன்று.

ஆறு போக எஞ்சியவை 17. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூன்று பையனுடையவை, அவன் சொன்னபடியே இருந்தன. எட்டுப் பக்கங்களில் வேறு மனிதரின் முகமும் வேறு ஊரின் பெயரும் தெளிவாகத் தெரிந்தன. ஐந்து வெறுமையாக இருந்தன. அவற்றைக் கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது. கடைசியாக, இழிமொழி எழுதிய பக்கம். அதன் பழைய பதிவுகளை எவரும் அதுவரை படித்துப் பார்த்திருக்கவில்லை. எழுதியவர் தாம் கல்லூரிப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் ஆயின என்று குறித்திருந்தார். ஊர் வேறொரு மாவட்டத்தது. அவர் இழித்துப் பேசிய ஆசிரியையும் இப்பள்ளி ஆசிரியை அல்லர். அதே பெயருடைய மற்றொருவர். இரண்டு பெயர் ஒற்றுமைகள் ஒருங்கே சேர்ந்து ஒரு குற்றத்தைப் படைத்துவிட்டன.

மாற்றுச் சான்றிதழைக் கிழித்துவிட்டார்கள். ஆயினும் அதற்குள் பதினொரு பள்ளி நாள்கள் கழிந்திருந்தன. வகுப்பில் எல்லார்க்கும் செய்தி தெரிந்திருந்தது. அடுத்த மாதமே தந்தை தாமாக வந்து சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மகனை வேறு பள்ளியில் சேர்த்தார் என்று அறிந்தேன். அவ்விசாரணையில் கருவி பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் மறக்கலாகாது. தன்னால் இயன்றதைச் செய்து, தான் கண்டதை வரிசைப்படுத்திக் கொடுத்தது. அதனைத் தீர்ப்பாகப் படித்தவர்கள் நாங்கள்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கொள்ளவேண்டும் என்பது அதில் காணும் அறிவுரை. அவ்வொற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தாலே தெளியவேண்டும் என்றும் வள்ளுவர் மேலும் வற்புறுத்துகிறார். ஷெர்லாக்கும் ஓர் ஒற்றனே. அதன் சொல்லுக்கு இரண்டாம் சான்று, மூன்றாம் சான்று தேடவேண்டும். ஒரே படம் இரு பக்கங்களிலும் இருக்கிறதா, ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைத் தன்னுடையது என்று சுட்டுகிறதா, ஊரும் காலமும் பொருந்துகின்றனவா என்றெல்லாம் பார்க்கவேண்டும். இவற்றுள்ளும் படத்தைப் பிறர் திருடி ஒட்டலாம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். சிமெனோன் படைத்த துப்பறிவாளரின் பெயரால் மெக்ரே என்ற கருவி ஒன்று ஷெர்லாக்கிலிருந்தே கிளைத்து, இன்னும் மிகுதியான தளங்களைத் தேடுகிறது. ஆனால் ஒரே முறையில் தேடும் இரு கருவிகள் ஒத்துச் சொல்வதை இரு ஒற்றர்களின் சொல்லாகக் கொள்ளலாகாது. ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர் ஒரே தவற்றை எழுதுவதில்லையா?

அவ்வாறாயின் இக்கருவி தீயதா? இல்லை. இதனை முதலில் உங்கள்மீதே ஏவிப் பாருங்கள். நான் ஏவிப் பார்த்தேன். ஆசிரியர்களுக்கான ஒரு தளத்தில் எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கு ஒன்று அகப்பட்டது. அதில் என் பிறந்தநாளும் தொலைபேசி எண்ணும் ஊரறியத் திறந்து கிடந்தன. அன்றே அதனை அழித்தேன். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியைத் துழாவிப் பார்க்கிறோமே, அத்தகைய வேலை இது. வேறு எவரேனும் உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு நடத்துகிறார்களா என்பதையும் இவ்வாறு கண்டுகொள்ள வழியுண்டு. பிறருடைய அடையாளத்தைக் களவாடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படியும், கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்படியும் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். இணையவழிப் பணமோசடிக்கு ஆளானால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.

பிறர்மீது ஏவுவது வேறு வகை. ஒருத்தி எங்கெங்கே என்னென்ன எழுதுகிறாள் என்று அவளறியாமல் தொகுத்துக் கையில் வைத்துக்கொள்வதற்கும் இதே கருவி உதவும் என்பதை நான் மறைக்கவில்லை. தனித்தனியே கிடந்தால் தீங்கில்லாத செய்திகளும் ஓரிடத்தில் சேர்ந்தால் அச்சுறுத்தும் ஆயுதமாகலாம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வாயிற்கதவு திறந்திருக்கிறது என்பதால் உள்ளே எட்டிப்பார்ப்பது பண்பாகிவிடாது என்று நம் வீடுகளில் கற்பித்தார்கள். அந்தப் பாடமே அத்தீர்ப்பிற்கும் அடிநிலம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை சிலவே. விளையாட்டுக்கும் படிப்புக்கும் வங்கிக்கும் ஒரே பயனர்பெயரைச் சுமந்து திரியாதீர்கள். பெயரில் பிறந்த ஆண்டைச் சேர்க்காதீர்கள். பயன்படுத்தாத கணக்கை மூடிவிடுங்கள். கருவி கொடுத்த பட்டியலை எவரேனும் உங்கள்முன் நீட்டினால், "வெற்றுச் சோதனை செய்தீர்களா?" என்று பணிவோடு கேளுங்கள். நீங்களே நீட்டும் நிலையில் இருந்தால், நீட்டுவதற்குமுன் அதனைச் செய்யுங்கள்.

வருகைப்பதிவேட்டில் ஒரு பெயருக்கு மூன்று குரல்கள் வந்தபோதெல்லாம் நான் தலை நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். அன்று அந்த அறையில், தாளைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கேனும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். இந்த உரையை அவன் கேட்டுக்கொண்டிருந்தால், அவனிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு: அன்று நான் கேட்ட கேள்வி தவறு, தம்பி.